கடுவனும் தும்மலும்

ஜூன் 8

சாரல் பிடித்து ஒரு வாரம். சின்னவன் எழுந்ததும் தும்மல். இன்று எண்ணினேன், 14. கண் சிவப்பு, மூக்கு ஒழுக்கு, ராத்திரி நெஞ்சில் லேசான இழுப்பு வேறு. அத்தை தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்: "பூனை முடி உள்ள போயிருக்கு மக்கா. அதக் கொண்டு சந்தையில விட்டிரு." சின்னவன் எங்கள் பூனை மணியைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகைக்கு நடுவிலும் தும்மல்.

ஜூன் 11

மூன்று நாளாக முடி பொறுக்குகிறேன். பாய், தலையணை, ஜன்னல் திரை, எல்லாம் ஈரத்துணியால் துடைத்தாயிற்று. தும்மல் அப்படியே. மருந்துக்கடையில் செட்ரிசின் என்ற அலர்ஜி மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 15

நாகர்கோவிலில் அலர்ஜி டாக்டரைப் பார்த்தோம். முடியைப் பற்றி நான் சொன்னதும், "முடி மேல பழி போடாதீங்கம்மா" என்றார். ஆள் வேறு: ஃபெல் டி 1 என்கிற ஒரு புரதம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிறது. நக்கி நக்கி உடம்பைச் சுத்தம் செய்கிறதே, அப்போது முடியெல்லாம் பூசிக்கொள்கிறது. காய்ந்ததும் பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் சிறியது. கீழே படியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், மூச்சுக்குழாயின் அடிவரை போகும். முடியே இல்லாத பூனை வகைகளிலும் இது உண்டு.

தோல் பரிசோதனை இன்று செய்ய முடியவில்லை. செட்ரிசின் சாப்பிட்டிருந்தால் ஒரு வாரமாவது நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம்.

ஜூன் 24

முன்னங்கையில் வரிசையாகச் சொட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் சின்னக் குத்து. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வெறும் உப்புநீர், ஒன்று அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின், மற்றவை பூனை, கரப்பான், வீட்டுத்தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. 15 நிமிஷத்தில் பூனைச் சொட்டு கொசுக்கடி போலத் தடித்தது. உண்ணிச் சொட்டு அதைவிடப் பெரிதாக! ஈரக்காற்று அந்த உண்ணிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நம் ஊர்ச் சாரலைக் கேட்கவா வேண்டும். மணியை மட்டும் துரத்தியிருந்தால் குழந்தைக்கு இழுப்பு நின்றிருக்காது. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ரெண்டு வருஷமாக மடியில் கிடந்த பூனை இப்போது மட்டும் ஏன் என்று கேட்டேன். முதலில் படும்போது ஒன்றும் தெரியாதாம். உடம்பு அந்தப் புரதத்தைத் தவறாக எதிரி என்று எடுத்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி, மூக்கிலும் கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களில் ஒட்டிவைக்கிறது. இதற்கு மாதமும் ஆகலாம், வருஷமும் ஆகலாம். அப்புறம் அதே புரதம் வந்து ஒட்டினால் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தும்மல், அரிப்பு, நீர். என் அப்பாவுக்கு ஆஸ்துமா. அந்த வாகும் சேர்ந்திருக்கும் என்றார்.

ஜூன் 26

அத்தையிடம் பொறுமையாகச் சொன்னேன். பூனையைக் கொண்டுபோய் விட்டாலும் அந்தப் பொடி வீட்டை விட்டுப் போக நாலு முதல் ஆறு மாசம் ஆகலாம். பூனை வளர்க்கிற பிள்ளைகளின் சட்டையில் ஒட்டி வகுப்பறைக்கும் வரும். இழுப்பு அடங்காவிட்டால் மணியை வேறு வீட்டில் விடத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மணியின் தட்டில் ரெண்டு சாளை மீன் வைத்தார்கள்.

ஜூலை 3

மணிக்குக் கருத்தடை ஆயிற்று. விதை எடுக்காத கடுவன்களுக்கு இந்தப் புரதம் அதிகம் சுரக்கும். படுக்கையறைக்குள் இனி அனுமதி இல்லை. திண்ணையும் அடுக்களைப் புறமும் அவனுக்கு. மெத்தைக்கும் தலையணைக்கும் உறை, வாரம் ஒருமுறை விரிப்புகளுக்கு நல்ல வெந்நீர். டாக்டர் தந்த மூக்கு ஸ்ப்ரே தினமும்.

ஜூலை 19

ராத்திரி இழுப்பு இல்லை, ஐந்தாவது நாள். காலையில் தும்மல் மூன்று.

மழை விட்டு, கண்ணாடி ஓட்டின் வழியே அடுக்களையில் ஒரு துண்டு வெயில். மணி அதில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கினான், பிறகு காது, பிறகு விலா. ஒளியில் பொடிகள் மெல்ல ஏறின. நமக்குத் தெரிகிறவை பெரியவை மட்டும்தான். சின்னவன் வாசற்படியில் நின்று பார்த்தான், போய் நெற்றியை ஒருமுறை தடவினான், நேராகக் குழாயடிக்குப் போனான்.

"அம்மா, சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."