மகன் என்பதற்கு என்ன ஆதாரம்?

கொரோனாவுக்காக 2020 ஜூன் 19-ம் தேதி சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களின் சில பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு. அந்த வாரம் பார்த்துத்தான் கோவில்பட்டியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். நெல்லை எக்ஸ்பிரஸ் ஓடிய காலமென்றால் ராத்திரி ஏறி விடிந்ததும் வீட்டில் இருந்திருப்பேன். மாநிலத்துக்குள் விட்ட சில சிறப்பு ரயில்களும் சென்னைக்குள் வரவில்லை. அரசாங்கத்திடம் ஆன்லைனில் விண்ணப்பித்து இ-பாஸ் என்ற பயண அனுமதி வாங்கி காரில் போக வேண்டும், வேறு வழியில்லை.

பாஸ் கேட்கச் சொல்லக்கூடிய காரணங்கள்: திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம். இதில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் எக்ஸ்ரேயையும் ஓபி சீட்டையும் ஏற்றினேன். நிராகரிப்பு. எலும்பு இரண்டாகப் போயிருப்பது எக்ஸ்ரேயில் எனக்கே தெரிகிறது. ஆனால் லெட்டர்ஹெட்டில், டாக்டர் கையெழுத்தும் சீலும் உள்ள சான்றிதழ்தான் வேண்டுமாம். பக்கத்து வீட்டு அண்ணாச்சியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே கவுன்டரில் இருந்தவர் நிதானமாகச் சொன்னாராம்: “டிஸ்சார்ஜ் பண்ணும்போது எல்லாம் சேர்த்துத் தருவோம்.” ஆபரேஷனுக்கு வரத்தான் சீட்டு கேட்கிறோம் என்று அண்ணாச்சி சத்தம் போட்ட பிறகு ஒரு நர்ஸ் எழுதி வாங்கிக் கொடுத்தார்.

அதை ஏற்றினால் அடுத்த முட்டுக்கட்டை: நோயாளிக்கும் எனக்கும் என்ன உறவு? கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டு தனி. இருவர் ஆதாரிலும் முகவரி வேறு வேறு. ஒரு வழியாகக் கிடைத்த விடை இது: பீரோவின் அடியில் கிடந்த என் பள்ளிக்கூட டி.சி.யில் அப்பா பெயர் இருந்தது. அம்மாவின் ஆதாரில் கணவர் பெயராக அதே பெயர். இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து ஏற்றினேன். அம்மாவின் ஆதாரை அண்ணாச்சி போட்டோ எடுத்து அனுப்பியதில் ஓரத்தில் அவர் கட்டைவிரலும் விழுந்திருந்தது. நல்லவேளை, எண்ணை மறைக்கவில்லை.

இதற்குள் ஆபரேஷன் நாள் வந்துவிட்டது. சம்மதப் படிவத்தில் ரத்த சொந்தம் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். அண்ணாச்சி போன் செய்தார். “தம்பி, உறவுங்கிற இடத்துல பக்கத்து வீடுன்னு எழுதினா இங்க நர்ஸம்மா ஒத்துக்கிட மாட்டேங்குது. அதான் ஒங்க அம்மாவுக்குத் தம்பின்னு போட்டுட்டேன். தப்பா நெனைக்காதீங்க.” யாரும் அவரிடம் டி.சி. கேட்கவில்லை. நான் மாதாமாதம் பணம் அனுப்பி, ஞாயிறுதோறும் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த இத்தனை வருஷமும் அம்மாவுக்கு கேஸ் புக் செய்ததும், பிரஷர் மாத்திரை வாங்கியதும், மோட்டார் ரிப்பேருக்கு ஆள் பிடித்ததும் அவர்தான். ஊரடங்கு வந்துதான் அந்தக் கணக்கு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்பில் வந்தார். சில ஆயிரம் கொடுத்தால் சாயங்காலமே பாஸ் என்றார். போலிப் பாஸோடு பிடிபட்டவர்கள் செய்தி அப்போது பேப்பரில் வந்துகொண்டிருந்தது. கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். பாஸ் கிடைத்ததும் பேசி வைத்திருந்த டிரைவர் பின்வாங்கிவிட்டார்; போய்வந்தால் தன்னையும் வீட்டில் அடைத்துவிடுவார்கள் என்று பயம். அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி எண் மாறியதால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். ஆகவே வண்டியும் ஆளும் உறுதியான பிறகுதான் படிவத்தில் கை வைக்க வேண்டும்.

பயணம் சுலபம். செங்கல்பட்டு பக்கம் பரனூர் சுங்கச்சாவடியில் நிறுத்தினார்கள், க்யூஆர் கோடைப் பார்த்தார்கள், விட்டார்கள். அப்புறம் ஆள் நடமாட்டமே இல்லாத நாலுவழிச் சாலை. மாவட்ட எல்லையில் மூக்கில் குச்சியை விட்டு சளி மாதிரி எடுத்தார்கள்.

அதன் பிறகுதான் வேடிக்கை. சென்னையிலிருந்து வந்தவன் என்பதால் 14 நாள் வீட்டுத் தனிமை. கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அரசாங்கமே பாஸ் கொடுத்தது. வந்து இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்றும் அதே அரசாங்கம்தான் சொன்னது. பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தும் 14 நாள் 14 நாள்தான். அம்மா டிஸ்சார்ஜ் ஆனபோது, தன் வீட்டிலேயே ஸ்டிக்கர் இருந்ததால் அண்ணாச்சி வீட்டில் போய் இறங்கினார். நான் மாடியில் நின்று கத்துவேன். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி அம்மா பதில் கொடுப்பார். “ஏல, நீ அங்கனயே இருந்திருக்கலாம்லா? இப்ப ஒனக்கும் சேத்து அவுக வீட்ல பொங்குதாவ.” உண்மைதான். மூன்று வேளையும் எனக்கு மதில்மேல் தூக்குச்சட்டி வந்துகொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது, சாப்பிட்டேன்.

தனிமை முடிந்ததும் முதல் வேலையாக அம்மாவின் ஆதார், காப்பீட்டு அட்டை, பாங்க் பாஸ்புக், பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து என் போனிலும் அண்ணாச்சி மகள் போனிலும் ஏற்றினேன். அம்மாவைக் கேட்டு, வங்கிக் கணக்கு நாமினி விவரத்தையும் சரிசெய்தேன். பெற்றோர் ஊரில், நீங்கள் வேறு ஊரில் என்றால் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அம்மா வாக்கர் பிடித்து நடக்கும் வரை கோவில்பட்டியிலேயே இருந்து வேலை பார்த்தேன். திரும்பும்போது ஆகஸ்ட் 17 தாண்டிவிட்டது. அன்றிலிருந்து விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் பாஸ் என்று அறிவித்திருந்தார்கள். ஆதார் எண், போன் நம்பர் போட்டேன், டீ ஆறுவதற்குள் பாஸ் வந்துவிட்டது. காரணம் கேட்ட இடத்தில் எதை எழுதினேன் என்றுகூட இப்போது நினைவில்லை.