மரக்கிளையில் கட்டிய சோறு

திருத்துறைப்பூண்டியில் அகஸ்தியம்பள்ளி ரயிலில் ஏறியபோது என் பையில் வாழையிலையில் கட்டிய தயிர்ச்சோற்றுப் பொட்டலம் இருந்தது. கும்பகோணத்தில் அத்தையிடம் கேட்டு வாங்கி வந்தது. "வேதாரண்யத்தில் ஓட்டலே இல்லையா?" என்றார் அத்தை. ஓட்டல் இருக்கிறது. ஆனால் இந்த வழியில் சோற்றுப் பொட்டலத்தோடு போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து சரியாகப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று அதிகாலை திருச்சியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு பேர், உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுக்க வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் பதினைந்து நாள் நடந்தார்கள். தூரம் சுமார் 240 கிலோமீட்டர். ராஜாஜிக்கு அப்போது ஐம்பத்தோரு வயது.

நான் பஸ்ஸிலும் ரயிலிலுமாகத்தான் போனேன். சித்திரை வெயில் ஜன்னல் கம்பியைத் தொடவிடவில்லை. இந்த வெயிலில், வெறும் கப்பிச் சாலையில், காலை மாலை என்று நடந்தவர்களை நினைத்துக்கொண்டே வந்தேன். ஆனால் என் மனம் நின்றது நடந்தவர்களிடம் அல்ல, அவர்களுக்குச் சோறு போட்டவர்களிடம்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன். தொண்டர்களை வழியில் அடித்துக் கைது செய்தால் கூட்டம் பெருகும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் வேறு வழி கண்டார். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார். அதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 157ஆவது பிரிவு கையில் இருந்தது. கணக்கு எளிமையானது: பசித்தால் திரும்பிவிடுவார்கள்.

அவர் மாவட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் போட்ட கணக்கு அது. வாசலில் வந்து நிற்பவனிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதைக் காவிரிக் கரையில் யாரும் தர்மம் என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை. அது மூச்சு விடுவதைப் போல. அதைக் குற்றம் என்று எழுதி ஒட்டினால் என்ன ஆகும்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. தொண்டர்கள் தங்கும் ஆற்றங்கரைகளில் அண்டா அண்டாவாகச் சோறு மணலுக்குள் புதைத்து வைக்கப்பட்டது. யார் கட்டினார், யார் புதைத்தார் என்று எந்தப் போலீசும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒளியாமல் வெளிப்படையாகவே விருந்து வைத்துச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. கும்பகோணத்துப் பந்துலு ஐயர் அவர்களில் ஒருவர். அரசாங்கத்தின் மீது விசுவாசம் என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்று கடைசியில் தார்னே மேலிடத்துக்கு எழுதினார்.

ஒத்துழையாமை என்றால் என்ன என்பதை எனக்கு எந்தப் பேச்சும் அந்தப் பொட்டலங்களைப் போல விளக்கியதில்லை. தலைவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. அந்தச் சோற்றை வடித்த பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

ரயில் கரியாப்பட்டினம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று நின்று நின்று போனது. அகல ரயில் பாதையாக மாறி 2023இல்தான் இந்தத் தடம் மீண்டும் திறந்தது. வேதாரண்யத்தில் இறங்கினேன். 'வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். மறைக்காட்டுறையும் ஈசன் கோயிலில் அப்பர் பாடத் திறந்து, சம்பந்தர் பாட மூடியதாகச் சொல்லும் கதவின் முன் சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

ஊருக்குள் வைரப்பனின் நினைவுத் தூணைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் முடி திருத்தும் தொழிலாளி. சத்தியாகிரகிகளை அடிக்கும் போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று ஊரில் அவர் தொழிலைச் சேர்ந்தவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். ஒரு நாள் பாதிச் சவரத்தில்தான் எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று அவருக்குத் தெரிந்தது. கத்தியை மடக்கிவிட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மீதியை மழித்து முடி என்று சொன்ன நீதிபதியிடம் தன் பெட்டியை நீட்டி, நீங்களே செய்துவிடுங்கள் என்றார் என்பது ஊரார் இன்றும் சொல்லும் கதை. தன்னிடம் இருந்த ஒரே அதிகாரம் அந்தக் கத்தி. அதை அவர் மடக்கினார், அவ்வளவுதான் செய்தார்.

அங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ஆட்டோ. இருபுறமும் உப்பளம். வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்த தொண்டர்கள், 30ஆம் தேதி விடியற்காலையில் இங்கேதான் உப்பை அள்ளினார்கள். ராஜாஜி அன்றே கைதானார். ஆறு மாதச் சிறை. அடுத்தடுத்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். முகாமுக்கு இடமும் உணவும் கொடுத்து எல்லாவற்றையும் தாங்கி நின்ற வேதரத்தினம் பிள்ளை தாமே உப்பளம் வைத்திருந்தவர். அவர் சொத்து பறிபோனது. அவரும் சிறைக்குப் போனார்.

நினைவுத் தூணருகே நின்று பார்த்தபோது அன்றைய உப்பு வரியின் அநியாயம் புத்தகத்தில் படித்ததைவிடக் கூர்மையாகத் தைத்தது. இங்கே உப்பை யாரும் உண்டாக்க வேண்டியதுகூட இல்லை. கடல்நீர் பாய்ந்து வற்றினால் சேற்றின் மேல் தானாகப் பூக்கிறது. அதைக் குனிந்து எடுத்தால் குற்றம். விலைக்கு வாங்கினால் ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 4 அணா வரி. வியர்வை சிந்தி வயலில் நின்று, கஞ்சியோடு உப்பைத் தவிர வேறு தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாதவனும் பெரிய மாளிகைக்காரனும் ஒரே வரி கட்டினார்கள். அந்த வரி 1947இல்தான் ஒழிந்தது.

உப்பளத்தில் நடுப்பகல் வேலை ஓய்ந்திருந்தது. கீற்றுக் கொட்டகையின் நிழலில் நான்கைந்து பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பாதங்களில் வெடிப்பு, கண்களைச் சுற்றி வெயில் தீய்த்த கருமை. வரி போன பிறகும் இந்த உழைப்பின் கடுமை போகவில்லை. அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "சாப்பிட்டாயா, தம்பி?"

இல்லை என்றேன். நகர்ந்து இடம் விட்டார். பொட்டலத்தைப் பிரித்தேன். அத்தை உப்புக் குறைவாகப் போட்டிருந்தார். அந்த அம்மா எழுந்து போய்ப் பாத்தி ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வந்து என் இலையில் வைத்தார்.

"புது உப்பு. கொஞ்சம் கைக்கும்" என்றார்.

கைத்தது. பிசைந்து முழுவதையும் சாப்பிட்டேன்.