கேஷுவால்டி புத்தகத்தில் ஏறிய ஒரு வரி

அப்பா தச்சர். 2022 செப்டம்பரில் மேலூர் பக்கம் எக்ஸெல் மொபெட்டில் வேலைக்குப் போனவரைப் பின்னால் வந்த சரக்கு வேன் தட்டிவிட்டது. வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தது வழியே போன ஒரு தம்பி. அவர் பதற்றத்தில் "வண்டியில இருந்து விழுந்துட்டார்" என்று சொல்ல, விபத்துக் கேஸ்களைப் பதியும் ஏ.ஆர். புத்தகத்தில் அப்படியே ஏறிவிட்டது. வேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆபரேஷன் அலைச்சலில் எஃப்.ஐ.ஆர். போடவே நாலு நாள் ஆனது.

ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று வக்கீல் அவசரப்படுத்தியதால் பிப்ரவரியில் போட்டோம். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு அந்த ஒரு வரியையும் நாலு நாள் தாமதத்தையும் பிடித்துக்கொண்டு, விபத்தே நடக்கவில்லை என்றது. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களைக் காப்பாற்றியவை இரண்டு காகிதங்கள். ஒன்று, வண்டிகளைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் எம்.வி.ஐ. ரிப்போர்ட்: வேனின் முன் பம்பர் இடது பக்கம் நசுங்கல், எக்ஸெல்லின் பின் மட்கார்டு வளைவு. இன்னொன்று, வேன் டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய தீர்ப்பு நகல். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும் அளவுக்கு இருந்தால் இழப்பீட்டு வழக்கில் போதும்.

அப்புறம் கை. மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்றது. அது கைக்குத்தான், மொத்த உடம்புக்குக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. எங்கள் வக்கீல் 2010 ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை எடுத்து வைத்தார். கை போனால் குமாஸ்தாவுக்கு ஆகும் நஷ்டம் வேறு, தச்சருக்கு ஆகும் நஷ்டம் வேறு என்று சுப்ரீம் கோர்ட்டே அதில் சொல்லியிருக்கிறது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது அப்பாவின் விரலிலிருந்து பேனா இரண்டு முறை நழுவியது. கடைசியில் இடது பெருவிரலை உருட்டினார்கள். இழைப்புளி பிடித்த கை அது, எனக்குப் பார்க்க முடியவில்லை.

நீதிபதி வருமான இழப்பை 60 சதவீதமாக எடுத்துக்கொண்டார். மாதம் 12,000, அதோடு எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்து 15,000. வயது 47 என்பதால், ஆண்டு இழப்பைப் பெருக்க வேண்டிய பெருக்கெண் 13. வருமான இழப்புக்கு மட்டும் 14,04,000 ரூபாய். மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி.

யாரையாவது கேஷுவால்டியில் சேர்த்தால், இடித்த வண்டி என்ன என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், அவர் எழுதியதையும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.