ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பாட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மோர் எடுக்கத்தான். கதவில் இன்சுலின் பாட்டில் நின்றது. அடியில் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர். புதுப் பாட்டில் வாங்கிய அன்று மருந்து மட்டத்தில் நான் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். மருந்து அந்தக் கோட்டிலேயே நின்றது. 10 மில்லியில் 400 யூனிட். காலையில் 20, ராத்திரி 12 போட்டால் 13 நாளில் காலியாகிவிடும். நான் வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது.

“ஊசி போட்டுக்கறியா அண்ணா?”

“தினமும் போடறேன்மா.”

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்கும் டெஸ்ட்டில் 11.2 என்று ஏறி வந்தபோதும் இதையேதான் சொன்னார். ரத்தச் சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாள் சர்க்கரையும் அதில் ஒட்டியிருக்கும். டெஸ்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்தால் மறைந்துவிடாது.

இரண்டு வருஷம் முன்பு வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். டீக்கடைக்கு வெறுங்காலோடு போனபோது ஏறிய ஆணி. சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனதில் மூன்று நாள் அது உள்ளே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. பாயில் ரத்தக்கறையைப் பார்த்து அண்ணிதான் கண்டுபிடித்தார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படி அழுதேன். அப்பா போன பிறகு என் ஸ்கூல் ஃபீஸுக்காக ஓவர்டைம் நின்ற கால் அது. அப்புறம் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற எம்சிஆர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மனச்சோர்வாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி வேறொருவரிடம் கூட்டிப்போனோம். அண்ணன் வாசலிலிருந்தே திரும்பிவிட்டார்.

இந்த முறை அழுகை வரவில்லை. பாட்டிலை அண்ணியிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். ஒரு புண் ஆறினால் அடுத்தது என்று இரண்டு வருஷமாக அந்தக் காலுக்குக் கட்டுப் போடுகிற கை. பெட்டாடின் பட்டுப் பட்டு நகமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அவர் கண்ணில் புரை. ஆபரேஷனை மூன்று தடவை தள்ளிப் போட்டாயிற்று, எல்லாம் அண்ணன் காலுக்காக.

“புதன்கிழமை லீவு போட்டுட்டு வரேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம் அண்ணி” என்றேன்.

“அப்போ எனக்கு யார் கட்டுப் போடறது?” என்றார் அண்ணன்.

“நீயே போட்டுக்கோ அண்ணா.”

29சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மனசு உறுத்தும், திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரத் தோன்றும் என்று காத்திருந்தேன். அடையாறு வந்துவிட்டது.