"இப்ப விடு, தம்பி"

எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்ததும் மலர்க் குழுவினர் அவருடைய கணிதத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் மொன்றியலிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, விடுதியில் பிறெப் என்ற இரவுப் படிப்பு முடிந்து, ஜாம் போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்குகளை அணைத்த பிறகு, உடம்பைத் தளர்த்தப் பழக்க அவர் நடத்திய கால் மணி நேரத்தைப் பற்றி.

1992, 93இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். கால்களுக்கிடையில் ஒரு அடி, உள்ளங்கை மேல்நோக்கி, சாரம் தளர்வாக. முதலில் மூச்சு: நாலு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, பத்துத் தரம். தொப்புளுக்கு மேல் ஒரு கொப்பி. அது ஏறி இறங்கினால் மூச்சு வயிற்றுக்குப் போகிறது. அவசரப்பட்டு இழுத்தவனுக்குத் தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும். காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறினால் அப்படித்தான், பயப்படாமல் வேகத்தைக் குறை என்பார்.

பிறகு வலது கை, இடது கை, தோள், நெற்றி, கண், தாடை, வயிறு, தொடை, பாதம். ஒவ்வொன்றையும் ஐந்தாறு விநாடி இறுக்கவேணும். "இப்ப விடு, தம்பி. மெல்ல மெல்ல விடாதை, ஒரேயடியா விடு." விட்ட பிறகு அரை நிமிடம் அந்த இடத்தையே கவனிக்க வேண்டும். பாடமே அந்த அரை நிமிடம்தான். தாடையைக் கடித்தபடியே நாள் முழுக்கத் திரிந்தவனுக்கு, தான் இறுகிக் கிடந்தது அப்போதுதான் தெரியும்.

முழுப் பலத்தில் இறுக்க விடமாட்டார், முக்கால் பலம் போதும். பந்தடித்துவிட்டு வந்தவர்கள் பாதத்தைக் கீழே நீட்டி இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் கால்விரல்களை முகத்தை நோக்கி மடக்கச் சொல்வார். கண்ணை மூடினால் நினைவுகள் மொய்க்கிற பிள்ளைக்குக் கண்ணைத் திறந்தபடி முகட்டு ஓட்டைப் பார்க்க அனுமதி உண்டு. சோதனைக்கு முதல்நாள் மட்டும் செய்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மனம் நன்றாக இருக்கும் நாட்களில் பழகினால்தான் கெட்ட நாளில் உடம்புக்கு வழி தெரியும்.

புள்ளி குறைந்ததென்றோ வீட்டுக் கடிதம் வரவில்லையென்றோ முடங்கியவனிடம் "அழாதை" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அழுது முடி, கிணற்றடியில் முகத்தைக் கழுவு, மைதானத்தை மூன்று சுற்று நட, பிறகு ஒருத்தனோடையாவது கதை என்பார். இந்த ஒழுங்கு முக்கியம். உடம்பு அசையாமல் ஒரே நினைவை அரைத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் கவலை ஒரு கிழமைக்கு நீளும்.

ஆனால் எல்லாவற்றையும் பாயில் தீர்க்கலாம் என்று அவர் நம்பவில்லை. இரண்டு கிழமை அநேகமாக ஒவ்வொரு நாளும் சோர்வு, நித்திரையும் சாப்பாடும் கெட்டு விளையாட்டும் வேண்டாம் என்றால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். சாகிற கதை வந்தால் ஒருநாளும் பொறுக்கக்கூடாது. இங்கே கனடாவில் பிள்ளை வளர்க்கிறவர்கள் 988 என்ற உதவி அழைப்பு எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள். ஊரில், இலங்கையில், அந்த உதவி எண் 1926.

இந்த முறையின் மூலம் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவருடையது என்று கனடா வந்த பிறகுதான் அறிந்தேன். மின்சாரமும் இல்லாமல், வெளியிலிருந்து புத்தகமும் வராமல் கிடந்த யாழ்ப்பாணத்தில் அது சேரின் கையில் எப்படிக் கிடைத்தது? கேட்டிருக்கலாம். இத்தனை வருடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

போர்க்காலத்தில் கிளாலிக் கடலேரியைக் கடந்து யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட பலர், நானும்தான், அவரிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. காலையில் சுருட்டியபடி கிடந்த பாயைப் பார்த்துத்தான் அவர் அறிந்திருப்பார்.