இருபது பேர் சபையை நன்றியோடு நடத்துவது

"இது எந்தச் சபைங்க? உங்க பிஷப் யாரு?" சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் பதினைந்து, இருபது பேர் ஞாயிறுதோறும் கூடித் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தொடங்கினால், அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது இதைத்தான். சபையை நடத்துகிறவர் இதற்கு இரண்டு நிமிடத்தில், மழுப்பாமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பதில் இது: நாங்கள் ஒரு சுயாதீனக் கத்தோலிக்கச் சபை; கத்தோலிக்க வழிபாட்டு முறையைப் பின்பற்றுகிறோம், ஆனால் திருத்தந்தையின் ஆளுகையிலோ, 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் கீழோ இல்லை.

கூடவே கொஞ்சம் வரலாறும் சொல்லலாம். ஹாலந்தில் உட்ரெக்ட் நகரத்துக்கென்று 1724-லேயே ரோமின் ஒப்புதல் இல்லாமல் ஆயர் (பிஷப்) திருநிலைப்பாடு, அதாவது ஆயராக்கும் சடங்கு, நடந்தது. 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம், திருத்தந்தையின் போதனை தவறாது என்பது போல எடுத்த முடிவுகளை ஏற்காதவர்கள் அந்த வழியோடு சேர்ந்தார்கள். 1889-இல் இந்தச் சபைகளின் கூட்டமைப்பான உட்ரெக்ட் ஒன்றியம் அமைந்தது. அதே 1889-இல் கோவாவைச் சேர்ந்த அல்வாரெஸ் என்ற குருவானவர் கொழும்பில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்; இலங்கை, கோவா, இந்தியா ஆகிய பகுதிகளுக்கான சுயாதீனக் கத்தோலிக்கச் சபையின் தலைமை அவரிடம் இருந்தது. ஆகவே தனித்து நிற்கும் கத்தோலிக்கம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் இன்று இந்தப் பெயரில் இயங்கும் எல்லாச் சமூகங்களும் உட்ரெக்ட்டோடு சேர்ந்தவை என்று நினைக்கக் கூடாது, பெரும்பாலானவை சேர்ந்தவையல்ல. உங்கள் குருவுக்குக் கைகளை வைத்துத் திருப்பொழிவு செய்த ஆயர் யார், எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்ற நான்கும் எழுதிய தாள் ஒன்று கோப்பில் இருக்கட்டும். கேட்கிறவர்களிடம் எடுத்துக் காட்டுங்கள். காட்டத் தயங்கும் ஆயரிடமும், பணம் வாங்கிக்கொண்டு பட்டம் கொடுக்கும் ஆயரிடமும் போகாதீர்கள்.

இந்தப் பதிலைச் சொல்லும்போது குரலில் கசப்பு தட்டக் கூடாது. இங்கே வருகிறவர்களில் பலர் புண்பட்டு வந்தவர்கள். மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்து, நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பமும் திராட்சை இரசமும்) வாங்கப் போகாமல் பல வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள்; கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் சாதி பார்க்கப்படுவதைச் சகித்துச் சகித்து ஓய்ந்த தலித் குடும்பங்கள்; திருநங்கைகள்; தம் பாலினத்தவரையே நேசிப்பவர்கள். அவர்கள் கோபப்பட உரிமை உள்ளவர்கள். நடத்துகிறவர் அந்தக் கோபத்தை விறகாக்கிச் சபையைச் சூடாக்கப் பார்த்தால், சில மாதம் நன்றாக எரியும். பிறகு சேர்ந்திருக்கக் காரணம் மிஞ்சாது. நமக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், மறைக்கல்வியில் மந்திரம் கற்றுக் கொடுத்ததும், பலரைப் படிக்க வைத்ததும் அந்தத் தாய்ச் சபைதான். எனவே ஒவ்வொரு வாரமும் மன்றாட்டில் திருத்தந்தைக்காகவும் சேலம் ஆயருக்காகவும் ஒரு மன்றாட்டு கட்டாயம் இருக்கட்டும். பங்கின், அதாவது அந்தந்த ஊர் ரோமக் கத்தோலிக்கக் கோயிலின், ஞாயிறு பூசை நேரத்தில் நம் திருப்பலியை வைக்காதீர்கள். யாரையும் பங்கை விட்டு வரச் சொல்லி அழைக்காதீர்கள்.

முக்கியமாக, பங்கில் சந்தா கட்டுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இதற்குக் கல்லறைதான் காரணம். "நாளைக்கு நான் செத்தா எங்கங்க புதைப்பீங்க?" என்று பெரியவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைப்பது பங்குத் தந்தையின் கையில் இருக்கிறது. பல பங்குகளில் சந்தா பாக்கி இருந்தாலே அடக்கத்தின்போது பேச்சு எழும். குடும்பக் கல்லறை உள்ளவர்கள் அந்த உறவை அறுத்துக்கொண்டால், இழப்பு துக்க நாளில்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தாள் போடுங்கள்: அடக்கமா தகனமா, எந்த இடம், குடும்பத்தில் முடிவெடுக்கிறவர் யார், அவர் நம் குருவை ஏற்பாரா, பங்குத் தந்தைதான் வர வேண்டும் என்பாரா. பங்குத் தந்தை வருவாரென்றால் நாம் பின்னால் நின்று செபமாலை சொல்லலாம். அதில் மானக்குறைவு எதுவும் இல்லை. இடம் கிடைக்காது என்று தெரிந்தவர்களுக்கு உள்ளாட்சியின் மயானத்தையும் மின் மயானத்தையும் உயிரோடு இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். ரோமச் சபையே 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது என்பதைச் சொன்னால் பலருக்கு மனம் இளகும். வீட்டில் இறந்தால் மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மலையில் ஃப்ரீசர் பெட்டி உடனே கிடைக்காது, மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்தால் கீழிருந்தும் வராது. இரண்டு மூன்று வண்டிக்காரர்களின் எண் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

திருமணத்திலும் இதே நேர்மை வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்டவர் தம் சபை விதிப்படி திருமணம் நடத்தலாம் என்கிறது. ஆனாலும் அதிகம் தெரியாத சபையின் சான்றிதழைக் கொண்டு போனால் அலுவலகங்களில் கேள்வி வரும், அதன் பாரம் மணமக்கள் தலையில் விழும். அதனால் முதலில் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்கிறோம்: 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள். பிறகு திருப்பலியில் ஆசீர். ஒரே பாலின இணையர் ஆசீர் கேட்டு வந்தால் மகிழ்ந்து கொடுக்கலாம். ஆனால் அதற்குச் சட்ட வலு இல்லை என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. உயில், வங்கிக் கணக்கில் நாமினி, மருத்துவமனையில் யாரை அழைப்பது என்ற எழுத்து, இந்த மூன்றையும் ஆசீர் நாளுக்கு முன் முடிக்க உதவுங்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது.

இனி நன்றிக்கு வருவோம். நற்கருணைக்குப் பின் ஐந்து நிமிடம் அமைதி, அதன்பின் நன்றிச் சுற்று. ஆளுக்கு ஒரு வாக்கியம்; வட்டமாக உட்கார்ந்தால் இருபது பேருக்குப் பத்து நிமிடம் போதும். "நான் கும்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிக் கடந்து போகலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் சுற்று கெட்டுப்போகும். மகனைப் பறிகொடுத்தவரையும், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கையையும் "கடவுளுக்கு நன்றி சொல்லும்மா" என்று வற்புறுத்துவது கொடுமை. லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் குணமாகிறார்கள்; திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவர், அவரும் யூதர் ஒதுக்கிவைத்த சமாரியர். மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த குணத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நன்றியை நுழைவுச்சீட்டாக்கக் கூடாது என்பதற்கு எங்களுக்கு இதைவிட வேறு ஆதாரம் தேவைப்பட்டதில்லை. பேச்சு வராத வாரங்களில் 136-ஆம் திருப்பாடலை எடுங்கள்: 26 வசனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே பல்லவி. ஒருவர் வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம்.

நடத்துகிறவர் சொல்லும் நன்றி வேறு. அது ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்: மேளச்சத்தம் கேட்கும் தெருவிலும் வாசகத்தைத் தெளிவாக வாசித்தவர், கழிவறை கழுவியவர், நடக்க முடியாத பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர். பணம் கொடுத்தவர் பெயரைச் சபையில் வாசிக்காதீர்கள். நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம் இருக்கிறது; சிறு சபையில் அந்த வழக்கம் புகுந்தால் ஐந்தாயிரம் கொடுத்தவர் ஒரு நாற்காலியிலும் ஐந்து ரூபாய் போட்டவர் தரையிலும் உட்காரத் தொடங்குவார்கள். பொன்னாடையும் வேண்டாம். பாத்திரம் கழுவும் முறைப்பட்டியலில் குருவின் பெயரும் இருக்கட்டும். அந்தப் பட்டியலைச் சும்மா விட்டால் பெண்களும், ஊர் வழக்கப்படி 'வேலை செய்ய வேண்டியவர்கள்' என்று கருதப்படுகிறவர்களும் மட்டுமே அதை நிரப்புவார்கள். சாதி நுழைகிற வாசல் அதுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர், ஒரே பாய்.

கணக்கில் சுருக்கமாகச் சில. கியூ.ஆர். குறியீடு சபையின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், குருவின் கைப்பேசி எண்ணுக்கு அல்ல. காசோலையில் இருவர் கையெழுத்து. மாதம் முடிந்ததும் வரவு செலவு ஒரு தாளில் சுவரில் ஏறட்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிய ஏழு பேர் போதும். வெளிநாட்டில் உள்ள சுயாதீனச் சபை நண்பர்கள் அன்போடு ஐம்பது டாலர் அனுப்புகிறோம் என்பார்கள்; வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலரும் வாங்கக் கூடாது. மறுத்து எழுதும் கடிதத்திலும் நன்றி சொல்லலாம்.

பீடத்துக்கு வேண்டிய பொருட்களில் மலைக்கும் கீழ்நாட்டுக்கும் வித்தியாசம் அதிகம். ஏற்காட்டு மூடுபனியில் அட்டைப் பெட்டியில் வைத்த அப்பம் சில நாளிலேயே நமத்து, ஓரத்தில் பூசணம் பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில், வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். முடிச்சை வாராவாரம் மாற்றுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் வாங்காதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை பீடத் துணி காயவே காயாது. மூன்று செட் இருந்தால் சமாளிக்கலாம். பாத்திரம் துடைத்த துணியை அலசிய முதல் தண்ணீர் செடியின் வேரில் ஊற்றப்பட வேண்டும், சாக்கடையில் அல்ல. திராட்சை இரசம், ஆளுக்கு ஒரு வாய் என்றால் இருபது பேருக்கு 100 மில்லி. அப்பத்தைத் தொட்டுக் கொடுப்பதென்றால் 40 மில்லியே அதிகம். குடியை விட்டவர்கள் சபையில் நிச்சயம் இருப்பார்கள். அப்பம் மட்டும் பெற்றாலும் அது முழு நற்கருணைதான் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்; வேண்டாதவர் கையை நெஞ்சில் வைத்தால் போதும், கேள்வி இல்லை. குருவும் சில வாரம் மற்றவர்களுக்கு அப்பம் மட்டும் கொடுத்தால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். பாட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கோதுமை ஒவ்வாதவருக்குத் தனிச் சிறு கிண்ணத்தில் இரசம் முதலிலேயே கொடுக்க வேண்டும். அப்பம் தொட்ட பின் அந்த இரசம் அவருக்கு ஆகாது.

நேரத்தை உழைப்பைப் பார்த்து வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிக்கும் தோட்டங்களில் காலைப் பூசைக்கு ஆள் வராது. மாலை நான்கு மணிக்கு மாற்றினால் வருவார்கள், இருட்டும் முன் வீடு திரும்பவும் முடியும். கீழே செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் அப்படித்தான். பொங்கலன்று நன்றித் திருப்பலி: காணிக்கைப் பவனியில் காப்பிக்கொட்டை, மிளகு, கொலுசு, தறி நூல் என்று அவரவர் கை தொட்ட பொருள் வரட்டும். மறையுரை ஏழு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். இருபது பேருக்கு மைக் தேவையே இல்லை. பக்கத்து வீட்டார் நம்மேல் வைத்திருக்கும் நல்லெண்ணம் அதில்தான் இருக்கிறது. தனிக் கட்டடம் எழுப்பும் எண்ணம் வந்தால் அஸ்திவாரத்துக்கு முன் கலெக்டர் அனுமதி.

பதிவேட்டில் ஒரு நுணுக்கம். பெயர் மாற்றிக்கொண்ட திருநங்கை, திருநம்பியரின் உறுப்பினர் பதிவில் அவர்கள் சொல்லும் பெயரே இருக்க வேண்டும். பழைய ஞானஸ்நானப் பதிவு நம்மிடம் இருந்தால் அதை அடிக்காமல், ஓரக் குறிப்பாகப் புதுப் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது.

சிறுவர்களோடு யாரும் தனியறையில் இருக்கக் கூடாது, குருவும்கூட. மறைக்கல்வி திறந்த கதவோடு, இரு பெரியவர்கள் முன்னிலையில். புகார் வந்தால் உள்ளுக்குள் பேசி முடிக்கும் பழக்கம் வேண்டாம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை, சிறார் உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம். எல்லாரையும் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்கிற சபை இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நடத்துகிறவரின் பொறுப்புக்கும் காலவரை போடுங்கள். மூன்று வருடம் சரியான அளவு. குருவாக இருப்பவர் குருவாகவே தொடரலாம், ஆனால் நிர்வாகம் கை மாற வேண்டும். சம்பளம் இல்லாமல் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்கிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள், களைப்பு முதலில் நன்றியைத்தான் விழுங்கும். முதல் வருடமே அடுத்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் நாளில் கை மாற வேண்டியவை: திருநிலைப்பாட்டுத் தாள், ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், வங்கிப் புத்தகமும் கையெழுத்து மாற்றப் படிவமும், பான் அட்டை, உறுப்பினர்களின் அடக்க விருப்பத் தாள்கள், அலமாரிச் சாவி இரண்டு. ஒன்று புதியவரிடம், மற்றொன்று குருவின் வீட்டில் இல்லாத இன்னொருவரிடம்.