ஒரு ஜாயின்ட்டா, ரெண்டா?

"ஒரு ஜாயின்ட்டா, ரெண்டா சார்?" லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே திரையைப் பார்த்துச் செய்யும் அறுவையில், இரைப்பையை வெட்டி முடிக்கும் நேரத்தில் எங்கள் தியேட்டர் சிஸ்டர் கேட்பது இதுதான். எத்தனை இடத்தில் இணைக்கப்போகிறேன் என்று. அப்படி இணைக்கும் ஸ்டேப்லர் கருவிக்கான கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். உறையைப் பிரித்துவிட்டால் பிரித்ததுதான்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடுவோம். மிச்சத்தை நேராக டியோடினத்தோடு, அதாவது சிறுகுடலின் முதல் பகுதியோடு, சேர்த்தால் ஒரே ஜாயின்ட். 1881-இல் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் செய்து காட்டியது அது. டியோடினத்தை மூடிவிட்டு, அதற்கடுத்த சிறுகுடல் பகுதியான ஜெஜுனத்தின் ஒரு வளைவை மேலே தூக்கி இணைப்பது பில்ரோத் இரண்டு. ஜெஜுனத்தையே வெட்டி ஒரு முனையை மேலே இரைப்பையோடும், மற்றதைக் கீழே குடலோடும் சேர்த்தால் ரூ-என்-ஒய். அதற்கு ரெண்டு.

வயிற்றைத் திறந்து செய்த நாட்களில் இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துப் பார்ப்பேன். எட்டுமா, இழுக்குமா என்பது உடனே தெரிந்துவிடும். திரையில் அது கிடையாது. கண்ணால்தான் ஊகிக்க வேண்டும்.

ஜப்பானின் கனயா 2002-இல் வெளியிட்ட டெல்டா முறையை, அதாவது அந்த ஒரே ஜாயின்ட்டை வயிற்றுக்குள்ளேயே ஸ்டேப்லரால் போடும் முறையை, முதன்முதலாகச் செய்தபோது இதைத்தான் கோட்டை விட்டேன். இரைப்பையிலும் டியோடினத்திலும் சின்னத் துளை போட்டு, ஸ்டேப்லரின் ஒரு தாடையை இதிலும் மறு தாடையை அதிலும் நுழைத்து அழுத்த வேண்டும். வசதியாக இருக்கட்டுமே என்று டியோடினத்தைச் சுற்றிலும் கொஞ்சம் அதிகமாகவே உரித்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனி கறுத்துக்கொண்டு வந்தது. ரத்தம் போகவில்லை. அதை வெட்டியெறிந்தால் மீதி எட்டவில்லை. அப்புறம் என்ன, ரூ-என்-ஒய்தான். பிரித்து வைத்த கார்ட்ரிட்ஜைப் பார்த்துவிட்டு, சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டை எடுத்து வைத்தார்.

பில்ரோத் இரண்டு செய்துகொண்ட ஒரு பெரியவர் ஆறு மாதம் கழித்து வந்தார். "சாப்பாடு இறங்குது டாக்டர். படுத்தா கசப்பா மேல வருது. தலகாணி மூணு வெச்சுத்தான் தூங்குறேன்." பித்தம். எண்டோஸ்கோப்பியில் மீந்த இரைப்பை முழுக்கச் சிவந்து கிடந்தது. அவருக்குப் பிறகு கொஞ்ச காலம் எல்லோருக்கும் ரூ-என்-ஒய் என்று முடிவெடுத்தேன். பித்தம் விலகியது, ஆனால் சிலருக்கு நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து குமட்டியது. மேலே தூக்கிய குடலுக்குப் பின்னால் ஒரு சந்து வேறு விழுகிறது. பீட்டர்சன் இடைவெளி என்பார்கள். அதைத் தைக்காமல் விட்டால் குடல் நுழைந்து மாட்டிக்கொள்ளும். களைத்துப்போன நேரத்தில் போடும் அந்தத் தையல்தான் எனக்கு எரிச்சலானது. ஆனாலும் விட்டதில்லை.

இப்போது இரைப்பையை வெட்டும் முன்பே, அது மிஞ்சப்போகும் இடத்தைக் கவ்வியால் பிடித்து டியோடினத்தை நோக்கித் தளர்வாக நகர்த்திப் பார்க்கிறேன். இழுக்காமல் வந்தால் ஒன்று.

"என்ன சார்?"

"பொறுங்க சிஸ்டர். இன்னும் எதையும் பிரிக்காதீங்க."